கணவாயைப் பார்க்கும் ஆன்டெனா

கமிதானி
2009 ஜூன் 9

அன்புள்ள தம்பி கென்சாகு,

மழைக்காலம் தொடங்கிவிட்டது. நடவு முடிந்து, தவளைகள் ராத்திரி முழுக்கக் கத்துகின்றன. ஒசாக்காவில் புழுக்கம் எப்படி இருக்கிறது? உன் முதுகுவலி தேவலையா? ரெய்கோவும் பிள்ளைகளும் சௌக்கியம்தானே? நாங்கள் இருவரும் நலம். உன் அத்தானுக்குக் காலையில் முழங்கால் பிடித்துக்கொள்கிறது. கேட்டால் இல்லை என்பார், உனக்குத்தான் தெரியுமே.

போன மாதம் வீட்டுக்குப் புது டிவி வந்தது. நம் ஹிரோஷிமாவின் கார்ப் பேஸ்பால் அணியின் புது மைதானத்தைப் பெரிய திரையில் பார்க்க வேண்டும் என்று அவரே நகரத்துக்குப் போய் வாங்கிவந்தார். அகலமாக, அழகாக இருக்கிறது. ஆனால் குன்றின் மேல் இருக்கிற ஊர்ப் பொது ஆன்டெனாவிலிருந்து வருவது பழைய அனலாக் படம்தான். பந்து எது, புள்ளி எது என்று தெரியாமல் அவர் டிவியின் தலையில் தட்டிக்கொண்டிருக்கிறார். டிஜிட்டல் படம் வேண்டுமென்றால் உங்கள் கூரையில் தனி ஆன்டெனா வையுங்கள் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். அவர் கொடுத்த படப் புத்தகத்தில் பலகை மாதிரி ஒன்று இருக்கிறது, மீன்முள் மாதிரி ஒன்று இருக்கிறது. உன் அத்தானுக்குப் பலகைதான் பிடித்திருக்கிறது. நீ ஆன்டெனா மாட்டியே குடும்பம் நடத்துகிறவன், எது நல்லது என்று எழுது.

இன்னொன்று. கணவாய்க்கு அந்தப் பக்கம், பக்கத்து மாநிலமான ஷிமானேயிலிருந்து வரும் அலை நம் கூரைக்குக் கிடைக்குமா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

போனில் பேசாதே. போன் அவர் உட்காருகிற இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கடிதமாக எழுது.

தூங்கும்போது வயிற்றில் குளிர் படாமல் பார்த்துக்கொள்.

அக்கா மிசாவோ

ஒசாக்கா
ஜூன் 20

அன்புள்ள அக்கா,

இங்கே புழுக்கத்தில் நாங்கள் எல்லோரும் வெந்துகொண்டிருக்கிறோம். முதுகு என்னோடுதான் இருக்கிறது, வலியும் அதோடு இருக்கிறது. ரெய்கோ உன்னை விசாரித்தாள். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு அத்தான் ஏணி ஏறினால் எனக்குக் கெட்ட கோபம் வரும் என்று சொல். கூரை வேலைக்கு நான் வருகிறேன்.

பலகையை மறந்துவிடு. கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற நகரத்தில்தான் அது வேலை செய்யும். உங்கள் ஊரில் அது சுவருக்கு அழகு, அவ்வளவுதான். மீன்முள் வகையில் பதினான்கு கம்பி போதும். தெற்கே ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் குன்றில் ஹிரோஷிமா அலையை வாங்கி அனுப்புகிற கோபுரம் இருக்கிறது. ஊரிலேயே உயரத்தில் இருப்பது உன் வீடுதான், அதனால் அங்கே தாராளமாக வரும். கீழ் வீடுகளுக்குப் பொது ஆன்டெனா இல்லாமல் முடியாது. ஒன்றை நினைவில் வை. அனலாக் மாதிரி இதில் அரைகுறை கிடையாது. அலை போதுமென்றால் பளிங்கு மாதிரி வரும், கொஞ்சம் குறைந்தாலும் கறுப்புத் திரைதான்.

ஷிமானே அலை கிடைக்கலாம். கணவாய் வழியாக ஒரு கீற்று வரும். அதைப் பிடிக்க இருபது கம்பி ஆன்டெனா, உயரமான கம்பம், அலையைக் கூட்டும் பூஸ்டர் எல்லாம் வேண்டும். ஆனால் எதற்கு? கார்ப் ஆட்டத்தை விட்டுவிட்டு அந்த ஊர் மீன் விலையைக் கேட்கவா?

நீ ‘சும்மா’ என்று எழுதினால் அது சும்மா இல்லை என்று எனக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும். சொல்லிவிடு.

வழுக்குகிற வரப்பில் பார்த்து நட.

கென்சாகு

கமிதானி
ஜூலை 3

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய வலித்தைலம் வந்தது. அவர் முகம் சுளித்துக்கொண்டே தேய்த்துக்கொள்கிறார். உங்கள் எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன்.

கேட்டாய், சொல்கிறேன். மே மாதம் கண்ணைக் காட்டப் போனேன். இந்தப் பக்கம் நகரத்துக்கு இறங்குவதைவிடக் கணவாய் தாண்டி ஷிமானே ஆஸ்பத்திரி எங்களுக்குக் கிட்டம். மருந்து வாங்கிக்கொண்டு கடைசி பஸ்ஸுக்காகக் கீழே உட்கார்ந்திருந்தேன். அங்கே டிவி ஓடிக்கொண்டிருந்தது. “நாளைக்கு மலைப்பக்கம் மழை இருக்கும், துணியை வெளியே காயப்போடாதீர்கள்” என்று ஒரு குரல் சொன்னது. கண்ணில் மருந்து விட்டிருந்ததால் முகம் கலங்கலாகத்தான் தெரிந்தது. குரலைத் தெரிந்துகொள்ள எனக்குக் கண் எதற்கு? சிகுசா, தம்பி. என் பெண் சிகுசா. கிட்டே போய்ப் பார்த்தேன். பெயர் போட்டிருந்தார்கள், மோரிவாகி சிகுசா என்று. இன்னும் எங்கள் வீட்டுப் பெயரைத்தான் வைத்திருக்கிறாள். பஸ் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கூட்டம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

எட்டு வருஷம் ஆகிறது. வீட்டோடு மாப்பிள்ளையாக வரவிருந்த பையன் வீட்டிலிருந்து நிச்சயதார்த்த வரிசை வந்த அன்றைக்குக் காலையில் அவள் முதல் பஸ்ஸில் போனாள். அந்த வீட்டுக்குப் போய் நெற்றி தரையில் பட மன்னிப்புக் கேட்டவர் உன் அத்தான். அன்றிலிருந்து அவள் பெயர் இந்த வீட்டில் இல்லை. அவளிடமிருந்து வந்த புத்தாண்டு அட்டைகளைத் தபால்காரர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். பிறகு வருவதும் நின்றுவிட்டது. “அவளைத் தேடிப் போனா நீயும் அங்கேயே இருந்துக்க” என்றார். அவர் சொன்னால் செய்கிறவர்.

தேடிப் போகக் கூடாது என்றுதான் சொன்னார். பார்க்கக் கூடாது என்று சொல்லவில்லை. தினமும் ஐந்து நிமிஷம் அவள் முகத்தைப் பார்த்தால் போதும் எனக்கு. தெரிந்தால் ஆன்டெனாவைப் பிடுங்கி எறிவார். என்னையும் சேர்த்து எறிந்தாலும் ஆச்சரியமில்லை. இதற்கு ஒரு வழி பண்ணு.

வெயிலில் கூரை ஏறும்போது தலையில் துண்டு கட்டிக்கொள்.

மிசாவோ

ஒசாக்கா
ஜூலை 15

அன்புள்ள அக்கா,

எல்லோரும் நலம். உன் கடிதத்தை ரெய்கோவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் அடுக்களைக்குப் போய் வெகுநேரம் பாத்திரம் கழுவினாள்.

சிக்கல் இதுதான். பலகை ஆன்டெனாவைச் சுவரில் ஒட்டினால் அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று யாருக்கும் உறைக்காது. ஆனால் கணவாய்க்கு அப்பாலிருந்து அதற்கு ஒன்றும் கிடைக்காது. சிகுசா வேண்டுமென்றால் இருபது கம்பிதான். அது ஆள் நீளம் இருக்கும், கூரைமேல் நின்றுகொண்டு விரல் நீட்டிக் காட்டும். ஊருக்கு டிவி அலை தெற்கேயிருந்து வருகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். மோரிவாகி வீடு மட்டும் ஏன் வடக்கே கணவாயைப் பார்க்கிறது என்று வயலுக்குப் போகிறவர்கள் கேட்பார்கள். முதலில் அத்தான் கேட்பார்.

ஆகஸ்டில், முன்னோரைக் கும்பிடும் ஓபோன் விடுமுறைக்கு வருகிறேன். அலையை அளக்கும் கருவியை அவர் எதிரிலேயே பிடித்து, இங்கே ஹிரோஷிமா டிஜிட்டல் வரவில்லை, ஷிமானேதான் வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். அவருடைய கார்ப் ஊர்ப் பொது ஆன்டெனாவில் அனலாக்காக இன்னும் இரண்டு வருஷம் வரும். அதை நிறுத்தும்போது பார்த்துக்கொள்ளலாம். கருவியைக் கையில் வைத்துக்கொண்டு நான் யாரிடமும் பொய் சொன்னதில்லை அக்கா. இது ஒன்றுதான், அதுவும் உனக்காக.

கண்ணுக்கு மருந்தை ஒழுங்காக விடு.

கென்சாகு

கமிதானி
செப்டம்பர் 8

அன்புள்ள தம்பி,

காற்று மாறிவிட்டது, விடியலில் போர்வை வேண்டியிருக்கிறது. நீ ஊர் போய்ச் சேர்ந்ததும் முதுகுவலியோடு இரண்டு நாள் படுத்ததாக ரெய்கோ சொன்னாள். என்னால்தான். மன்னித்துக்கொள்.

நீ போன பிறகும் இவர் புலம்பினார். “ஹிரோஷிமாக்காரன் வீட்டுக்கு ஷிமானேக்காரன் படமா? நல்ல கூத்து!” என்றார். அப்புறம், “கென்சாகுவே சொல்லிட்டான்னா அவ்வளவுதான். அவன் கருவி பொய் சொல்லுமா?” என்றும் அவரே சொன்னார். நான் முள்ளங்கி சீவிக்கொண்டிருந்தேன். விரலைச் சீவிக்கொண்டேன்.

ஆனால் தம்பி, எப்படித் தெரிகிறது தெரியுமா! அவர் குளிக்கப் போகிற நேரத்தில்தான் அவள் வருகிறாள். சத்தத்தைக் குறைத்துவிட்டுத் திரைக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்துகொள்கிறேன். சின்ன வயசில் படியில் விழுந்த தழும்பு வலது புருவத்தில் இருக்கிறதே, அதன்மேல் பூச்சு தடவி மறைத்திருக்கிறாள். பூச்சுக்கு அடியில் தழும்பு தெரிகிறது. காது குத்தியிருக்கிறாள். மோதிரம் இல்லை. புதன்கிழமை கண் சிவந்திருந்தது. தூங்கவில்லையோ, அழுதாளோ, யாரிடம் கேட்பது? கைநீட்டினால் கன்னத்தைத் தொடலாம் போல இருக்கிறது. தொட்டேன். கண்ணாடி சூடாக இருந்தது.

ஊரில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வயலுக்குப் போகிறவர்கள் கூரையை அண்ணாந்து பார்க்கிறார்கள், “நல்லா குளுந்துடுச்சு” என்கிறார்கள், போகிறார்கள்.

நீ நன்றாயிரு.

மிசாவோ

கமிதானி
அக்டோபர் 24

அன்புள்ள தம்பி,

அறுவடை முடிந்தது. புது அரிசி ஒரு மூட்டை அனுப்பியிருக்கிறேன், காளான் கொஞ்சம் வைத்திருக்கிறேன், உடனே சமைத்துவிடுங்கள். ரெய்கோவின் இருமல் நின்றதா? இங்கே எல்லோரும் சௌக்கியம். இவருக்கு இந்த வருஷம் பொது ஆன்டெனா சங்கத்தின் தலைமை முறை வந்திருப்பதால் ஓயாமல் கூட்டம். டிஜிட்டலுக்கு மாறப் பொது ஆன்டெனாவைப் புதுப்பிக்க நகர அலுவலகத்துக்கு ஜனவரிக் கடைசிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். உயரத்தில் இருக்கும் எங்கள் கூரைக்கே ஹிரோஷிமா வராததால் அதையும் ஷிமானே பக்கம் திருப்பி வைப்பது என்று பத்து வீடும் ஒத்துக்கொண்டன. பேரிக்காய் மரத்தில் இந்த முறை காய் அதிகம், பறிக்க ஆள் இல்லை.

சிகுசா முடியைக் கத்தரித்துவிட்டாள். கழுத்து குளிராதோ என்று நினைத்துக்கொண்டேன்.

குளிர் வருவதற்குள் கம்பளி உடுப்பை எடுத்து வெயிலில் போடு.

மிசாவோ

ஒசாக்கா
நவம்பர் 1

அக்கா,

அரிசி வந்தது, காளானும் வந்தது. நன்றி. ரெய்கோவுக்குத் தேவலை.

காளானுக்கும் பேரிக்காய்க்கும் நடுவில் வைத்தால் நான் படிக்க மாட்டேன் என்று நினைத்தாயா? பத்து வீட்டுக்கும் ஷிமானேயா? கீழே சொமெயா தாத்தா வீட்டுப் பின்னால் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மலைச்சரிவு இறங்கியது நினைவிருக்கிறதா? வெளியேறச் சொல்லி முதலில் வந்தது டிவியில்தானே? அது ஹிரோஷிமா டிவி. ஷிமானே டிவிக்குக் கமிதானி என்று ஓர் ஊர் இருப்பதே தெரியாது. மழை கொட்டுகிற அன்று உங்கள் பத்து வீட்டுத் திரையிலும் பக்கத்து மாநிலத்துக்கு நாளைக்கு வெயில் என்று ஓடும். அதைச் சொல்கிறவள் சிகுசாவாக இருப்பாள். யோசித்துப் பார்த்தாயா?

ஏன் ஒருவரும் இன்னொரு ஆளை வைத்து அளக்கச் சொல்லவில்லை? கார்ப் பைத்தியம் பிடித்த ஊர் அது. எப்படி ஒத்துக்கொண்டார்கள்?

நான் சொன்ன பொய் உன் கூரையோடு நிற்க வேண்டியது. அது குன்றின் மேல் ஏற நான் விட மாட்டேன். அத்தானிடம் நீயே சொல். சீக்கிரம் சொல்.

கென்சாகு

ஒசாக்கா
டிசம்பர் 14

அன்புள்ள அக்கா,

குளிர் எலும்பைத் துளைக்கிறது. அங்கே பனி விழுந்திருக்கும், கணவாய்ச் சாலையை மூடியிருப்பார்கள். உடம்பு சுகமா? என் கடிதத்துக்குப் பதில் இல்லை. போன் செய்தேன். அத்தான்தான் எடுத்தார். “உங்க அக்கா தொழுவத்துல இருக்கா” என்றார். அந்தத் தொழுவத்தில் மாடு இல்லாமல் ஆறு வருஷம் ஆகிறது.

போன முறை கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன். ஆனால் ஒரு வரியையும் திரும்பப் பெற மாட்டேன். வேலைக்குப் போகிற ஒவ்வொரு வீட்டிலும் கருவியைக் கையில் எடுத்ததும் உங்கள் ஊர்தான் கண்முன்னால் வருகிறது. நேற்று ஒரு கிழவர் “நிஜமாவே நல்லா வருதா?” என்று கேட்டார். சாதாரணக் கேள்விதான். கருவியை மறுபடி எடுத்து இன்னொரு தடவை அளந்து காட்டினேன்.

நீ ஏன் பேசவில்லை என்று எனக்குப் புரிகிறது. சொன்னால் அந்த ஐந்து நிமிஷமும் போய்விடும். இருந்தாலும் சொல்கிறேன், புத்தாண்டு கழித்து ஒரு வாரம் பார்ப்பேன். அதற்குள் உன்னிடமிருந்து ஒன்றும் வராவிட்டால் நானே அத்தானுக்கு எழுதுவேன். என்னை வெறுத்தாலும் சரி.

கால் சறுக்காத செருப்பாகப் போட்டுக்கொள்.

கென்சாகு

[புத்தாண்டு அட்டை]
2010 ஜனவரி 1

புத்தாண்டு வாழ்த்துகள். சென்ற ஆண்டு செய்த உதவிகளுக்கெல்லாம் நன்றி. இந்த ஆண்டும் உங்கள் அன்பு வேண்டும்.

மோரிவாகி இவாவோ
மிசாவோ

[ஓரத்தில், மிசாவோவின் கையெழுத்தில்] பதினேழாம் தேதி ஊர்க் கூட்டம். அதுவரை பொறு. கெஞ்சிக் கேட்கிறேன்.

கமிதானி
ஜனவரி 19

அன்புள்ள தம்பி,

பனி ஜன்னல் வரை நிற்கிறது. நீங்கள் நலமா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

ஏன் யாரும் மறுபடி அளக்கச் சொல்லவில்லை என்று கேட்டாயே. இன்னொரு ஆளைக் கூப்பிட்டால் மோரிவாகி இவாவோவின் மச்சினன் பேச்சை நம்பவில்லை என்று ஆகிவிடும். அவர் முகத்தில் அடிப்பது போல. அதற்குப் பயந்து பத்து வீடும் கார்ப்பை விட்டுக்கொடுத்தன. நீ ஊரை விட்டுப் போய் வெகுகாலம் ஆகிவிட்டது, மறந்துவிட்டாய்.

பதினேழாம் தேதி ஊர்ப் பொது வீட்டில் கூடினார்கள். ஆண்கள் கூடத்தில், நாங்கள் அடுக்களையில் பன்றிக்கறிச் சூப்பு வைத்துக்கொண்டிருந்தோம். இவர் காகிதத்தைப் படித்து, “எல்லாரும் அவங்கவங்க பேருக்கு நேரா முத்திரை வெச்சுடுங்க” என்றார். நான் தேநீர்த் தட்டோடு கூடத்துக்குப் போனேன். சொல்வதற்கென்று போகவில்லை. சொமெயா தாத்தா முத்திரையில் வாயால் ஊதிக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக்குப் பின்னால் இறங்கின மண் நினைவு வந்தது. தட்டைக் கீழே வைத்தேன்.

“வைக்காதீங்க. ஹிரோஷிமா அலை எங்க கூரைக்கு நல்லாவே வருது. நான்தான் தம்பியப் பொய் சொல்லச் சொன்னேன். ஷிமானே டிவியில எங்க சிகுசா வர்றா. அவளப் பாக்கணும்னு ஆசப்பட்டேன்” என்றேன்.

எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பெயரை அவர் எதிரில் சொன்னேன். யாரும் யாரையும் பார்க்கவில்லை. இவர் கையில் காகிதத்தைப் பிடித்தபடியே இருந்தார்.

கடைசியில் சொமெயா தாத்தாதான் வாயைத் திறந்தார். “அப்ப கார்ப் வருமா, வராதா?”

“வரும்.”

“டிஜிட்டல்லயா?”

“டிஜிட்டல்லதான்.”

“அப்பாடா” என்று முத்திரையைப் பைக்குள் போட்டுக்கொண்டார். யாரோ சிரித்தார்கள். இவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அடுக்களைக்குத் திரும்பினேன். பக்கத்து வீட்டு யொனெகோ என் தோளைப் பிடித்துக்கொண்டாள். “ஆஸ்பத்திரியில நாங்க எல்லாருமே பாத்திருக்கோம் மிசாவோக்கா. உங்க கூரையப் பாத்ததும் புரிஞ்சுது. எந்த வாயால உங்ககிட்டச் சொல்றது?” என்றாள். நான் நின்றபடியே அழுதேன்.

வீட்டுக்கு வந்தால் ஒரு வார்த்தை இல்லை. சோறு போட்டேன், சாப்பிட்டார். அதைவிட என்னை அடித்திருக்கலாம். மறுநாள் காலையில் ஏணி கூரையில் சாய்ந்திருந்தது. அந்த முழங்காலோடு பனியில் ஏறிவிட்டார். பிடுங்கப் போகிறார் என்று கீழே நின்று பார்த்தேன். ஆன்டெனாக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். ஸ்பேனர் சத்தம் கேட்டது. இறங்கிவந்து பனியைத் தட்டிக்கொண்டார்.

“போல்ட்டு தளர்ந்து கெடக்கு. உன் தம்பி வேல அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கோபமா, என்ன என்று எனக்குத் தெரியவில்லை. ஆன்டெனா அப்படியே இருக்கிறது. அதை மட்டும் எழுதுகிறேன்.

ஜலதோஷம் பிடிக்காமல் பார்த்துக்கொள்.

மிசாவோ

கமிதானி
மார்ச் 29

அன்புள்ள தம்பி,

பிளம் பூத்துவிட்டது, வடக்குச் சரிவில் இன்னும் பனி இருக்கிறது. உன் பிப்ரவரிக் கடிதமும், பெரியவன் வேலையில் சேர்ந்த செய்தியும் கிடைத்தன. மிகவும் சந்தோஷம். பொது ஆன்டெனா தெற்கே பார்த்தபடியே புதுப்பிக்கப்படும் என்று நகர அலுவலகத்திலிருந்து ஓலை வந்துவிட்டது. நீ நிம்மதியாக இரு.

கூட்டத்துக்குப் பிறகு இவர் அந்த நேரத்தில் குளிக்கப் போவதில்லை. டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து அரிவாள் தீட்டுவார். எங்கள் வீட்டு அரிவாள்கள் எல்லாம் இப்போது மயிரைப் பிளக்கும். பிப்ரவரியில் பக்கவாட்டில் திரும்பினார். மார்ச்சில் ஒருநாள், “இவளுக்குச் சளி” என்றார். வாயைத் திறந்தால் எழுந்து போய்விடுவாரோ என்று பயம். இரண்டு பேரும் பார்த்தோம்.

வெள்ளிக்கிழமை வானிலை சொல்லி முடித்துவிட்டு அவள் தலை குனிந்து வணங்கினாள். “இன்றோடு நான் விடைபெறுகிறேன். ஏப்ரலிலிருந்து புதியவர் வருவார். இத்தனை நாள் பார்த்ததற்கு நன்றி” என்றாள். எங்கே போகிறாள், எதற்குப் போகிறாள், ஒன்றும் சொல்லவில்லை. பூங்கொத்து கொடுத்தார்கள். சிரித்தாள். அடுத்து சோப்பு விளம்பரம் வந்தது.

“எங்கயாம்?” என்று இவர் என்னைக் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? திரையைப் பார்த்தும் கேட்டார். “எங்கடி போற?”

அவ்வளவுதான் தம்பி. இனி அவள் எங்கே இருக்கிறாள் என்றுகூட எனக்குத் தெரியாது. எட்டு வருஷம் தாங்கினவள்தான் நான். இந்த மூன்று நாளைத் தாங்க முடியவில்லை.

நீங்களாவது சேர்ந்து நன்றாயிருங்கள்.

மிசாவோ

கமிதானி
ஏப்ரல் 12

கென்சாகுவுக்கு,

நலம் விசாரித்து எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லை. விட்டுவிடுகிறேன். நீங்கள் எல்லோரும் நன்றாகத்தான் இருப்பீர்கள்.

என் கூரையில் நின்று என் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னாய். அதை நான் மறக்கவில்லை. நேரில் வரும்போது பேசிக்கொள்ளலாம். போல்ட்டையும் காட்டுகிறேன்.

புதிதாக வந்திருக்கும் பெண் வானிலையை நன்றாகத்தான் சொல்கிறாள். நான் தினமும் பார்க்கிறேன். உன் அக்கா பார்ப்பதில்லை. அந்த நேரத்தில் தொழுவத்துக்குப் போய்விடுகிறாள்.

கணவாய்ச் சாலையை ஞாயிற்றுக்கிழமை திறக்கிறார்கள். நான் வண்டியைக் கழுவி எண்ணெய் மாற்றிவிட்டேன். அந்த டிவி நிலையத்துக்குப் போய்க் கேட்டால் அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று சொல்லமாட்டார்களா? சொல்லும் வரை அங்கேயே உட்கார்ந்திருப்பேன். மிசாவோவிடம் அன்று காலையில்தான் சொல்வேன். இப்போதே சொன்னால் ஞாயிற்றுக்கிழமை வரை தூங்கமாட்டாள்.

ஒரு காரியம் கேட்கத்தான் எழுதுகிறேன். ஊர்க் கூட்டத்தில் பேசியிருக்கிறேன், சாவு வீட்டில் பேசியிருக்கிறேன். அந்த மாப்பிள்ளை வீட்டில் என் வாயால் என்னென்னவோ சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். மகளிடம் என்ன சொல்வது என்று எனக்கு வரவில்லை. வண்டியைக் கழுவும்போதெல்லாம் சொல்லிப் பார்க்கிறேன். ‘வந்திருக்கோம்’ என்பது வரைதான் வருகிறது. உனக்குப் பேச்சு வரும். அவள் கதவைத் திறந்ததும் முதலில் சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்றை எழுதி, சனிக்கிழமைக்குள் என் கைக்குக் கிடைக்கும்படி தபாலில் போடு.

மோரிவாகி இவாவோ